ஸ்டோர் அக்காவும் ஐந்து கியர் வண்டியும்

ஸ்டோர் அக்காவுக்கு ஒரு விஷயம் தெரிந்துவிட்டால் மத்தியானச் சாப்பாடு வரைக்கும் அது அவளிடம் தங்காது. காலையில் ஏதாவது ஒரு அட்டைப் பெட்டியைப் பிரிப்பாள். உள்ளே இருக்கும் சாமானில் போன தடவைக்கும் இந்தத் தடவைக்கும் ஒரு நூல் வித்தியாசம் இருப்பது அவள் விரலுக்குத் தெரிந்துவிடும். உடனே கம்பி வலை ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி ஒர்க்‌ஷாப் முழுக்கக் கேட்கிற மாதிரி சொல்லுவாள்.

"எல்லாம் கேட்டுக்குங்கபா. தண்ணி பம்ப்பு வாசர் இப்ப தடியா வருது. பழசயே போட்டுட்டு ஒழுவுதுன்னு என்கிட்ட வராதீங்க."

யார் கேட்டார்கள், யார் கேட்கவில்லை என்றெல்லாம் பார்க்க மாட்டாள். சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவாள்.

நான் நேர் எதிர். பள்ளிக்கூடத்தில் பரீட்சைத் தாளை இடது கையால் மறைத்துக்கொண்டு எழுதிய பெண். எனக்குத் தெரிந்தது எனக்கு மட்டும் தெரிந்திருக்கும் வரைதான் அதற்கு மதிப்பு என்று நினைத்தவள். ஆட்டோமொபைல் டிப்ளமோவில் எங்கள் வகுப்பில் நான் ஒருத்திதான் பெண். முதல் வகுப்பில் தேறினேன். அம்பத்தூர் எஸ்டேட்டை ஒட்டியிருந்த அந்த ஒர்க்‌ஷாப்பில் வேலை கிடைத்தபோது, மேனாம்பேட்டில் எங்கள் தெரு முழுக்க அப்பா வீடு வீடாகப் போய்ச் சொன்னார். ஆபீஸ் அறையில் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் எனக்கு ஒரு மேஜை, ஒரு கம்ப்யூட்டர். கம்பெனியிலிருந்து வருகிற மெயில்களைப் படிக்க வேண்டும், மெக்கானிக்குகளுக்குச் சந்தேகம் வந்தால் தீர்த்துவைக்க வேண்டும் என்று மேனேஜர் சொல்லியிருந்தார்.

மூன்று நாள் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. நாலாம் நாள், எல்லாரிலும் மூத்த மெக்கானிக் கையில் ஒரு பேரிங்கோடு என் மேஜையைப் பார்த்து நடந்து வந்தார். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவர் என்னைத் தாண்டி ஸ்டோர் ஜன்னலுக்குப் போனார்.

"அக்கா, இது எந்த வருசத்து வண்டிதுன்னு பாத்து சொல்லு."

அவருக்கு அக்காவைவிடப் பத்து வயதாவது கூட இருக்கும். அவரும் அக்கா என்றுதான் கூப்பிட்டார். அவள் அந்தப் பேரிங்கை வாங்கி, சேலை முந்தானையில் துடைத்து, கட்டை விரலை உள்ளே விட்டு ஒரு சுற்றுச் சுற்றினாள்.

"புச்சு இல்ல அண்ணாத்தே. கியர் ஸ்டீரிங்காண்ட இருந்துச்சே, அந்த வண்டிது. உள்ளோரம் சாச்சு வெட்டிகீறான் பாரு. அதுக்கப்புறம் வந்ததெல்லாம் நேர் வெட்டு. நீயே தடவிப் பாரு, அடுத்த தபா உனக்கே தெரியும்."

நம்பரைத் தட்டினால் கம்ப்யூட்டரும் அதையேதான் சொல்லியிருக்கும். அன்றைக்குத்தான் எனக்கு முதன்முதலாக வயிறு எரிந்தது.

எங்கள் ஒர்க்‌ஷாப்பில் பார்த்தது ஒரே ஒரு வகை வண்டிதான். மந்திரிகள் போன, மாப்பிள்ளை அழைப்புக்குப் பூ சுற்றிக்கொண்டு வந்த, ரயில்வே ஸ்டேஷன் வாசலில் மஞ்சள் கூரையோடு வரிசையில் நின்ற அதே உருண்டை வண்டி. என் அப்பா பிறப்பதற்கு முன்பிருந்தே அதற்கு அதே முகம். ஆனால் உள்ளே மாறிக்கொண்டே இருக்கும். ஒரு வருடம் எஞ்சின் மாறும், இன்னொரு வருடம் பிரேக், அப்புறம் பின் அச்சு. வெளியே பார்த்து எந்த வருடத்து மாடல் என்று சொல்ல முடியாது. ஒரு வருடத்து சாமானை இன்னொரு வருடத்து வண்டியில் மாட்டிவிடுவது சுலபம். அதனால்தான் ஸ்டோரில் இருப்பவருக்கு அவ்வளவு மதிப்பு.

அக்கா ஒன்பதாம் வகுப்போடு நின்றவள். ஆங்கிலத்தை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். நெமிலிச்சேரியிலிருந்து காலை ரயிலில் வந்து, சேலைக்கு மேல் ஒரு காக்கிச் சட்டையை மாட்டிக்கொள்வாள். சட்டை ஆண்களுக்குத் தைத்தது, தோள் தொங்கும். அந்த ஒர்க்‌ஷாப்புக்கு அவள் முதலில் வந்தது பெருக்குவதற்காக என்று யாரோ சொன்னார்கள். பழைய ஸ்டோர்க்காரர் ஏணி ஏறச் சோம்பல்பட்டு, அதை எடு, இதை எடு என்று இவளை ஏவியிருக்கிறார். எடுத்துக் கொடுத்தே எல்லாவற்றையும் மனப்பாடம் செய்துவிட்டாள். அவர் ஓய்வு பெற்றபோது அந்த அலமாரிகளில் எது எங்கே என்று தெரிந்த ஒரே ஆள் துடைப்பத்தோடு நின்றுகொண்டிருந்த இவள்தான்.

அவள் அளவு எடுப்பது கையால். "ஒரு ஜாண் ரெண்டு வெரல்" என்பாள். மெக்கானிக்குகள் போய் ஸ்கேல் வைத்து அளந்து பார்த்து, சிரித்துக்கொண்டே திரும்பி வருவார்கள். நான் இதை வெளியே யாரிடமும் சொன்னதில்லை. வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு, என் ஜாண் எத்தனை சென்டிமீட்டர் என்று அளந்து பார்த்தேன். மேஜை, ஜன்னல், அம்மாவின் தையல் மெஷின் எல்லாவற்றையும் ஒரு மாதம் அளந்தேன். ஒரு முறைகூடச் சரியாக வரவில்லை.

சாப்பாட்டு வேளையில் மெக்கானிக்குகள் எல்லாரும் ஸ்டோர் வாசலில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். நான் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் தனியாகச் சாப்பிட்டேன். "இங்க வந்து உக்காரும்மா, இன்னா கொண்டாந்த?" என்று அக்கா இரண்டு மூன்று தடவை கூப்பிட்டாள். வேலை இருக்கிறதென்று சொன்னேன். கூப்பிட்டதே அவள் பெருமைக்காக என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அந்த வருடத்து மாடல் வரப்போகிறது என்று பேச்சு வந்தபோது, எனக்கு ஒரு வாய்ப்பு வந்துவிட்டதாகத் தோன்றியது. புகை விதிகள் கடுமையானதால் எஞ்சினை மாற்றியிருக்கிறார்கள், நாலு கியர் போய் ஐந்து கியர் வருகிறது என்று கம்பெனியிலிருந்து நீளமாக ஒரு மெயில் வந்தது. எல்லாம் ஆங்கிலம். அக்காவால் அதைப் படிக்க முடியாது. இரண்டு நாள் உட்கார்ந்து பழையதையும் புதியதையும் ஒப்பிட்டு ஒரு பட்டியல் தயார் செய்தேன். தட்டச்சு செய்து, கட்டம் போட்டு, ஒவ்வொரு மெக்கானிக்குக்கும் ஒரு பிரதி எடுத்து வைத்தேன். வண்டி வருகிற அன்றைக்கு எல்லாரையும் நிறுத்தி நான் விளக்க வேண்டும் என்று மேனேஜரிடம் அனுமதியும் வாங்கினேன்.

வண்டி பத்து மணிக்கு வந்தது. நான் பிரதிகளை அடுக்கிக்கொண்டு வெளியே வருவதற்குள் அக்கா காக்கிச் சட்டையின் பொத்தானைப் போட்டுக்கொண்டு, சக்கரம் வைத்த பலகையில் மல்லாந்து படுத்து, வண்டிக்கு அடியில் போய்விட்டாள். வெளியே அவள் பாதங்கள் மட்டும் தெரிந்தன. சுற்றிலும் எல்லாரும் குந்தியிருந்தார்கள். உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்துகொண்டிருந்தது.

"கியர் பொட்டி நீளமா கீதுபா. அஞ்சாவது கியருக்கு எடம் பண்ணிகீறான். அதனால பின்னாடி போற ஷாப்டு குட்டையாயிடுச்சு. பழைய ஷாப்ட்ட இதுல மாட்டாதீங்க, இடிக்கும். அப்பறம் எஞ்சினு சைடுல நத்த மாரி ஒண்ணு வச்சிகீறான். டர்போன்னு சொல்றாங்களே, அது. சூடா இருக்கறப்ப கைய வுடாதீங்க. கிளட்ச்சு மூடியும் பெருசு. உள்ள பிளேட்டும் பெருசாத்தான் இருக்கணும், பிரிச்சு பாத்துட்டு சொல்றேன்."

அவள் வெளியே வந்து எழுந்து தலையில் ஒட்டிய மண்ணைத் தட்டினபோது, நான் நின்றுகொண்டிருப்பதைப் பார்த்தாள். என் கையிலிருந்த காகிதங்களையும் பார்த்தாள்.

"நீ இன்னாமா கொண்டாந்தே? படி, கேப்போம். நான் வுட்டது ஏதாச்சும் இருக்கும்."

அவள் அதை உண்மையாகவே கேட்டாள். அவள் விட்டது இரண்டோ மூன்றோ இருந்தது. ஆனால் மெக்கானிக்குகள் ஏற்கெனவே எழுந்து அவரவர் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். இரண்டு பேர் பிரதி வாங்கிக்கொண்டார்கள். மத்தியானம் அதில் ஒன்று முறுக்கு வைத்துத் தின்ன உதவியது.

பத்து நாள் கழித்து இன்னொரு மெயில் வந்தது. சின்னது, நாலே வரி. புதிய கியர் பெட்டிக்குப் பழைய கெட்டி எண்ணெய் கூடாது, மெல்லிய எண்ணெய்தான் ஊற்ற வேண்டும், பின் அச்சுக்கு மட்டும் பழையதையே தொடரலாம். ஸ்டோருக்கு உடனே தெரிவிக்கவும் என்றிருந்தது.

படித்தேன். பிரிண்ட் எடுக்கவில்லை. எண்ணெயைக் கையால் அளக்க முடியாது. இதை யாரும் வண்டிக்கு அடியில் படுத்துக் கண்டுபிடிக்க முடியாது. அவர்களே என்னிடம் வந்து கேட்கட்டும், கேட்டால் சொல்லலாம் என்று நினைத்தேன். யாருக்கும் கெடுதல் செய்வதாக அப்போது எனக்குத் தோன்றவில்லை. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அந்த மூத்த மெக்கானிக் என் மேஜை முன்னால் நின்றால் போதும் என்றிருந்தது.

ஆனால் வந்து கேட்டது அக்காதான்.

பூந்தமல்லியிலிருந்து ஒரு பாய் எங்களிடம் வருவார். சொந்தமாக டாக்ஸி வைத்து ஓட்டுபவர். அந்த வருடத்துப் புது மாடலை எங்கள் பக்கத்தில் முதலில் எடுத்தவர்களில் அவரும் ஒருவர். அவருடைய வண்டியின் முதல் சர்வீஸில் கியர் பெட்டி எண்ணெயை இறக்கினார்கள். மெக்கானிக் வழக்கம்போல ஸ்டோருக்குப் போய்ப் புது எண்ணெய் கேட்டிருக்கிறார். அக்கா எடுத்துக் கொடுக்காமல், இறக்கின எண்ணெயில் விரலைத் தோய்த்துக்கொண்டு நேராக என் மேஜைக்கு வந்தாள். ஆபீஸ் அறைக்குள் அவள் வந்தது அதுவே முதல் முறை.

"இத கொஞ்சம் பாரும்மா. கியர் ஆயிலு தண்ணி மாரி கீது. எப்பவும் தேன் கணக்கா இறங்கும். ஓடின சூட்ல இளகிப்போச்சுன்னு பசங்க சொல்றாங்க, எனக்கு சரியாப் படல. இத பத்தி கம்பெனிலேர்ந்து உனக்கு ஏதாச்சும் வந்துச்சா?"

கேட்டுவிட்டாள். நான் காத்திருந்தது இதற்குத்தான். சொல்லியிருந்தால் போதும், அன்றைக்கு ஒர்க்‌ஷாப் முழுக்க அவளே ஜன்னல் வழியாக, டிப்ளமோ பொண்ணு சொல்லிச்சு என்று கத்தியிருப்பாள். ஆனால் அவள் விரல் நுனியில் அந்த எண்ணெய் பளபளத்துக்கொண்டிருந்ததைப் பார்த்ததும் எனக்குள் ஏதோ கசந்துபோனது. எண்ணெயைக்கூட இவள் கண்டுபிடித்துவிட்டாள். நாலு வரி மெயில் இல்லாமலேயே பாதி தூரம் வந்துவிட்டாள். மீதியை நான் கொடுத்தால் அதுவும் அவளுடையதாகிவிடும்.

"இல்லக்கா, எதுவும் வரல" என்றேன். "பழசையே ஊத்தச் சொல்லுங்க."

"செரி, நீ சொன்னா செரிதான்" என்று போய்விட்டாள்.

எதையும் தன் கையால் தொட்டுப் பார்க்காமல் நம்பாத அக்கா என் வார்த்தையை அப்படியே நம்பி எண்ணெய் எடுத்துக் கொடுத்தாள். பாய் வண்டிக்கும், அப்புறம் இன்னும் இரண்டு வண்டிக்கும்.

நாலைந்து மாதம் ஒன்றும் நடக்கவில்லை. நானும் மறந்துவிட்டேன் என்றே சொல்லலாம். காலையில் கியர் இறுகுகிறது என்று பாய் இரண்டு தடவை வந்து சொன்னார். புது வண்டி, பழகிவிடும் என்று அனுப்பிவைத்தார்கள். அதன் பிறகு ஒரு நாள், கண் ஆபரேஷனுக்காக ஒரு வயதான தம்பதியை ஏற்றிக்கொண்டு வந்தபோது, குத்தம்பாக்கத்துக்குப் பக்கத்தில் வண்டி எந்த கியரிலும் விழாமல் நின்றுவிட்டது. வெயிலில் அரை மணி நேரம் நின்று, அவர்களை ஓர் ஆட்டோவில் ஏற்றிவிட்டு, வண்டியைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தார் பாய். சத்தம் போட்டுப் பேசுகிறவர் இல்லை. அன்றைக்கும் போடவில்லை. "கல்யாண மாசம்மா. ஒத்துக்கின சவாரி அத்தினியும் போச்சு" என்று மட்டும் அக்காவிடம் சொன்னார்.

கியர் பெட்டியைப் பிரித்தார்கள். கியர் மாறும்போது பற்கள் உரசாமல் சேர்த்துவைக்கிற பித்தளை வளையங்கள் தேய்ந்து மொழுமொழுவென்று இருந்தன. கம்பெனியிலிருந்து வந்து பார்த்தவர் எண்ணெயை விரலில் எடுத்து ஒரே நிமிடத்தில் சொல்லிவிட்டார், மாதக்கணக்காகத் தவறான எண்ணெய் ஓடியிருக்கிறது, நாங்கள் மெயில் அனுப்பியிருந்தோமே என்று.

மற்ற இரண்டு வண்டிகளையும் வரவழைத்து எண்ணெயை மாற்றச் சொல்லிவிட்டு, மேனேஜர் எல்லாரையும் கூப்பிட்டார்.

"எண்ணெய் எடுத்துக் குடுத்தது யாரு?"

"நான்தான் சார்" என்றாள் அக்கா.

மேனேஜர் என் பக்கம் திரும்பினார். "மெயில் வந்துச்சா?"

"வந்துச்சு சார். பிரிண்ட் எடுத்து ஸ்டோர்ல குடுத்துட்டேன்."

அந்த வாக்கியம் எனக்குத் தடங்கலே இல்லாமல் வந்தது. அக்கா என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். பெட்டியைப் பிரித்ததும் நம்பர் தப்பான சாமானைப் பார்ப்பாளே, அப்படிப் பார்த்தாள். ஆங்கிலத்தில் இருந்ததால் காகிதத்தைக் கவனிக்காமல் எங்கேயோ போட்டிருப்பாள் என்று எல்லாரும் அவர்களாகவே முடிவு செய்துகொண்டார்கள்.

அடுத்த வாரம் அக்காவை வாசல் கேட்டுக்குப் பக்கத்திலிருந்த தகரக் கூரைக்கு மாற்றினார்கள். வருகிற வண்டிகளுக்கு டோக்கன் எழுதிக் கொடுக்கிற வேலை. மெயில் பார்ப்பதோடு ஸ்டோரையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளச் சொல்லி என்னிடம் சாவியைக் கொடுத்தார்கள். கம்பி வலை ஜன்னலுக்குப் பின்னால் நான் போய் உட்கார்ந்தேன். நான் ஆசைப்பட்ட இடம்.

மெக்கானிக்குகள் என்னிடம் நம்பரைச் சொல்லிச் சாமான் வாங்கிக்கொண்டார்கள். ஆனால் சந்தேகம் என்று வந்தால், ஜன்னலைத் தாண்டி, வெயிலில் அந்த நீள வாசலைக் கடந்து, தகரக் கூரைக்குப் போனார்கள். கையில் பழைய சாமானோடு போய்விட்டுத் தெளிவாகத் திரும்பி வந்தார்கள். நான் அதை ஜன்னலிலிருந்து ஒரு நாளைக்குப் பத்துத் தடவை பார்த்தேன். வேலையைப் பிடுங்கிய பிறகும் அவளிடம் எனக்குப் பொறாமை குறையவில்லை. முன்பைவிட அதிகமாகத்தான் ஆயிற்று.

ஒரு நாள் பிரேக் சிலிண்டர் ஒன்றை நான் தப்பாக எடுத்துக் கொடுத்துவிட்டேன். மாட்ட முடியாமல் திரும்பக் கொண்டுவந்தார்கள். கம்ப்யூட்டர் ஒரு நம்பர் சொன்னது, அட்டையில் இன்னொரு நம்பர் இருந்தது. நான் அலமாரி அலமாரியாகத் தேடிக்கொண்டிருந்தபோது, ஜன்னலில் நிழல் விழுந்தது. அக்கா நின்றுகொண்டிருந்தாள்.

"மேல் தட்டுல, இடது பக்கம், நாலாவது வரிச" என்றாள். "அட்டையில நம்பரு மாறிடுச்சு, உள்ள சாமான் அதேதான். இதே மாரி இன்னும் ஆறு கீது. எழுதிக்கோ, சொல்றேன்."

சொன்னாள். ஆறையும், ஒன்றைக்கூட விடாமல். நான் எழுதிக்கொண்டேன். சொல்லி முடித்ததும் டோக்கன் எழுதப் போய்விட்டாள்.

அன்று சாயங்காலமே நான் மேனேஜர் அறைக்குப் போனேன்.

"சார், அந்த எண்ணெய் மெயிலை நான் ஸ்டோருக்குக் குடுக்கல."

அவர் நிமிரவில்லை. "அது முடிஞ்சு போன விஷயம்மா. பாய்க்குப் புதுப் பெட்டி வந்துக்கிட்டிருக்கு. இப்ப எதுக்குக் கிளர்ற?"

"அக்கா என்கிட்ட வந்து கேட்டாங்க. எதுவும் வரலைன்னு பொய் சொன்னேன். அப்புறம் உங்ககிட்டயும் பொய் சொன்னேன்."

அப்போதுதான் நிமிர்ந்தார். "ஏம்மா?"

"தெரியல சார்" என்றேன். அதுவும் பொய்தான். தெரியும். அந்த ஒரு வார்த்தை மட்டும் வாயில் வரவில்லை.

மறுநாள் காலை வேலைக்குப் போகாமல் அம்பத்தூர் ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் நின்றேன். நெமிலிச்சேரிப் பக்கமிருந்து வந்த ரயிலில் அக்கா இறங்கினாள். கூட்டம் போகட்டும் என்று இருவரும் ஒரு தூண் ஓரமாக ஒதுங்கினோம். நான் எல்லாவற்றையும் சொன்னேன்.

"தெரியும்" என்றாள்.

"அன்னிக்கே தெரியுமா?"

"நான் கேட்டப்ப நீ கம்ப்யூட்டர பாத்துகினே பதில் சொன்ன. என் மூஞ்ச பாக்கல. ஆனா படிச்ச பொண்ணு, ஆயில் விசயத்துல பொய் சொல்லாதுன்னு நெனச்சிட்டேன். அதான் நான் பண்ண தப்பு."

"அப்ப சார்கிட்ட ஏங்க்கா சொல்லல?"

"சொல்லி? நீ டிப்ளமா. நான் பெருக்க வந்தவ. யாரு பேச்ச எடுப்பாங்க?" சொல்லிவிட்டுப் பையைத் தோளில் ஏற்றிக்கொண்டாள். "என்கிட்ட சொன்னது இருக்கட்டும். பாய்கிட்ட சொன்னியா?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"அங்க போ மொதல்ல" என்று சொல்லிவிட்டுப் படியேறிப் போய்விட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூந்தமல்லிக்குப் போனேன். பாய் வீட்டு வாசலில் வேறு யாருடைய வண்டியோ நின்றது. அதைத்தான் அப்போது ஓட்டிக்கொண்டிருந்தார். அவர் மனைவி டீ கொண்டுவந்து வைத்தார். நான் சொல்லி முடிக்கும்வரை பாய் குறுக்கே பேசவில்லை.

"அந்த அம்மா கையில தப்பு வராதேன்னு ஊட்ல சொல்லிகினே இருந்தேன்" என்றார். "இவ்ளோ தூரம் வந்து சொன்னே. டீய குடிம்மா. ஆனா ஒண்ணு, என் வண்டிய இனிமே நீ தொடாத."

"சரிங்க" என்றேன். டீ ஆறிப்போயிருந்தது. குடித்தேன்.

என்னை வேலையிலிருந்து எடுக்கவில்லை. கம்பெனி மெயில்களுக்கு வேறு ஆள் இல்லை, அவ்வளவுதான். அக்கா ஸ்டோருக்குத் திரும்பினாள், நான் கண்ணாடித் தடுப்புக்குத் திரும்பினேன். அவள் என்னிடம் சிரித்துப் பேசினாள் என்று சொல்ல மாட்டேன். சாப்பிடக் கூப்பிடவும் இல்லை, அதற்கப்புறம் ஒரு தடவைகூட. ஆனால் காலையில் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி ஒரு விஷயத்தைச் சொல்லும்போது, எல்லாப் பக்கமும் திரும்புகிற அவள் முகம் என் பக்கமும் திரும்பும். குரல் கொஞ்சமும் தணியாது. எனக்கென்று எதையும் குறைத்து வைத்ததில்லை. மன்னிக்கவில்லை என்றாலும் ஒருவருக்குத் தன்னிடம் இருப்பதை அப்படியே கொடுக்க முடியும் என்பது எனக்குப் புரியவே இல்லை. அந்த இடத்தில் நான் இருந்திருந்தால் ஆறு நம்பரில் மூன்றைத்தான் சொல்லியிருப்பேன்.

கொஞ்ச காலத்தில் அந்த வண்டி வருவதே நின்றுபோனது. ஒர்க்‌ஷாப் கைமாறி இப்போது அங்கே வேறு கம்பெனி வண்டிகள் நிற்கின்றன. அக்கா ஆவடியில் சின்னதாக ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடை போட்டாள். நான் எஸ்டேட்டிலேயே வாகன சாமான் செய்கிற ஒரு கம்பெனியில் சேர்ந்தேன். எனக்குக் கீழே இப்போது எட்டுப் பேர்.

போன மாதம் எங்கள் ஆபீஸில் ஒரு பேச்சு வந்தது. அந்த உருண்டை வண்டியை இன்னும் ஆசையாக வைத்திருப்பவர்கள் ஊர் ஊராக இருக்கிறார்கள். அந்த ஐந்து கியர் மாடலுக்கு மட்டும் கிளட்ச் பிளேட் எங்கேயும் கிடைப்பதில்லை. நாம் செய்யலாம், ஆனால் வரைபடம் இல்லை. யாருக்காவது தெரியுமா என்று கேட்டார் எங்கள் பெரியவர். "நான் விசாரிக்கிறேன் சார்" என்றேன்.

மறுநாள் ஆவடிக்குப் போனேன். அக்காவுக்குத் தலை பாதி நரைத்திருந்தது. என்னைப் பார்த்து ஆச்சரியப்படவில்லை. எதற்கு வந்தேன் என்று சொன்னதும், எந்தக் கம்பெனி, எதற்குக் கேட்கிறார்கள் என்று எதுவும் கேட்காமல் உள்ளே போய் இரண்டு பிளேட்டுகளைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தாள்.

"அந்த ஒரு வருசத்துலயே ரெண்டு தினுசு வந்துச்சு. மொத பாதில பல்லு கம்மி, பின் பாதில ஜாஸ்தி. எஞ்சின் நம்பர வச்சு பிரிக்கணும். இது கம்பெனி காயிதத்துலயே கிடையாது, நான் எண்ணிப் பாத்தது. இந்தா, ரெண்டையும் எடுத்துகினு போ. அளந்துட்டு திருப்பிக் குடு."

எந்த எண்ணிலிருந்து மாறுகிறது என்பதையும் சொன்னாள். இவ்வளவுக்கும் அரை மணி நேரம்கூட ஆகவில்லை. பஸ்ஸில் திரும்பி வரும்போது அந்தப் பை என் மடியில் கனத்தது. இது உலகத்தில் இரண்டே பேருக்குத் தெரியும், அதில் ஒருத்தி நான் என்ற எண்ணம் வந்தது. அது எவ்வளவு இனிப்பாக இருந்தது என்பதை மறைக்கப் போவதில்லை.

கூட்டத்தில் இரண்டு பிளேட்டையும் மேஜையில் வைத்து விளக்கினேன். எட்டுப் பேரும் எட்டிப் பார்த்தார்கள். பெரியவர் நோட்டில் வேகமாகக் குறித்துக்கொண்டார். "இதுதான்மா அனுபவம்கிறது" என்று சொல்லி, குறிப்புக்கு மேலே என் பெயரை எழுதினார்.

முன்னாலிருந்த தண்ணீரில் ஒரு வாய் குடித்தேன்.

"இது நான் கண்டுபிடிச்சது இல்ல சார்" என்றேன். அக்காவின் பெயரைச் சொன்னேன். கடை எங்கே இருக்கிறது என்று சொன்னேன். பெருக்க வந்து ஸ்டோரைப் பிடித்தவள் என்பதையும் சொன்னேன்.

அவர் என் பெயரை ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு, பக்கத்தில் அவள் பெயரை எழுதினார். "அப்ப அடுத்த தடவை நேரா அவங்களையே கூப்பிட்டுடலாமே" என்றார். எல்லாரும் ஆமாம் என்றார்கள். அதற்குப் பிறகு யாரும் என் பக்கம் திரும்பவில்லை.

எனக்கு வயிறு எரிந்தது. அடிபட்ட என் பெயரையே பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் அவர் எழுதியிருந்ததில் ஓர் எழுத்துப் பிழை இருந்தது. பேனாவை வாங்கி, அவள் பெயரைத் திருத்தினேன்.